ஃபார்மட் போடும் முன்: கர்னல் கிராஷ் ஆகும் கம்ப்யூட்டரில் எங்கே கை வைப்பது

கம்ப்யூட்டர் நடுவேலையில் நீலத் திரையைக் காட்டி நின்றுவிட்டால் நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் களியக்காவிளையிலிருந்து ஆரல்வாய்மொழி வரைக்கும் ஒரே வைத்தியம்தான் சொல்வார்கள்: "விண்டோஸ் போயிட்டு மக்கா, ஃபார்மட் போட்டுரலாம்." போடுவார்கள், இரண்டு நாள் ஓடும், மறுபடி அதே திரை. ராம் கெட்ட கம்ப்யூட்டரில் புது விண்டோஸ் ஏற்றினாலும் ராம் கெட்டதுதானே. அதோடு இன்ஸ்டால் ஆகும்போதே ஃபைல்கள் தப்பாகக் காப்பியாகி, இல்லாத தொல்லை ஒன்றும் புதிதாகச் சேரும். கல்யாண ஆல்பம், பிள்ளைகளின் சர்டிஃபிகேட் ஸ்கேன், கடைக் கணக்கு எல்லாம் அழிந்தது தனி.

ஆபரேட்டிங் சிஸ்டத்தின் நடுவில் உட்கார்ந்து மெமரி, டிஸ்க், பிராசசர் எல்லாவற்றையும் புரோகிராம்களுக்குப் பங்கு வைத்துக் கொடுப்பது கர்னல். சாதாரண புரோகிராம் ஒன்று தப்பு செய்தால் கர்னல் அதை மட்டும் மூடிவிட்டு மற்றதை ஓட்டும். தப்பு கர்னலுக்குள்ளேயோ அதனுள் ஓடும் டிரைவரிலோ (பிரிண்டர், கிராஃபிக்ஸ் கார்டு மாதிரி சாமான்களை இயக்கும் மென்பொருள்) நடந்தால் மேலே ஆள் கிடையாது. தொடர்ந்து ஓடினால் டிஸ்கில் குப்பையை எழுதிவிடும் ஆபத்து இருப்பதால் தானாகவே நின்றுவிடுகிறது. விண்டோஸில் இதுதான் ப்ளூ ஸ்கிரீன் (விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பில் 2025 முதல் கறுப்புத் திரையாக மாற்றிவிட்டார்கள், பெயர் என்னவோ இன்னும் ப்ளூ ஸ்கிரீன்தான்), லினக்ஸிலும் மேக்கிலும் கர்னல் பேனிக். அந்தத் திரை உங்கள் டேட்டாவைக் காப்பாற்றத்தான் வருகிறது. அதில் எழுதியிருப்பதைப் படிக்காமல் பவர் பட்டனை அமுக்குவதுதான் தப்பு.

படிக்க நேரம் கிடைக்கவில்லை, கண் சிமிட்டுவதற்குள் ரீஸ்டார்ட் ஆகிறது என்றால் அதை நிறுத்தி வைக்கலாம். விண்டோஸில் சிஸ்டம் ப்ராப்பர்ட்டீஸ், அட்வான்ஸ்டு, ஸ்டார்ட்அப் அண்ட் ரிகவரி என்று போனால் ‘ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட்’ என்று ஒரு டிக் இருக்கும், எடுத்துவிடுங்கள். அதே இடத்தில் ‘ஸ்மால் மெமரி டம்ப்’ தேர்ந்தெடுத்து வைத்தால் ஒவ்வொரு கிராஷுக்கும் சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் மினிடம்ப் என்ற ஃபோல்டரில் ஒரு சின்ன ஃபைல் விழும். இடம் மிச்சம் பிடிக்கிறேன் என்று பேஜ்ஃபைலை (ராமுக்குத் துணையாக விண்டோஸ் டிஸ்கில் வைத்துக்கொள்ளும் ஃபைல்) யாராவது ஆஃப் செய்திருந்தால் இந்த ஃபைல் வராது, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். திரை வந்ததும் ஃபோனில் ஒரு போட்டோ. கடைக்காரரிடம் "என்னமோ இங்கிலீஷ்ல வந்துது அண்ணே" என்று சொல்வதைவிட அந்த ஒரு போட்டோ அவருக்கு ஆயிரம் மடங்கு உதவும்.

எரர் கோடு ஒன்றுதானா, ஒவ்வொரு முறையும் வேறா

மூன்று நான்கு கிராஷின் குறிப்புகள் சேர்ந்த பிறகு அவற்றை வரிசையாக வைத்துப் பாருங்கள். மினிடம்ப் ஃபைல்களைப் ப்ளூஸ்க்ரீன்வியூ என்ற இலவச டூலில் திறந்தால் தேதி, கோடு, எந்த டிரைவர் என்று அட்டவணையாகக் காட்டும். ஆழமாகப் போக விரும்புகிறவர்களுக்கு மைக்ரோசாஃப்ட்டின் வின்டிபிஜி.

எப்போதும் ஒரே கோடு, எப்போதும் ஒரே டிரைவர் பெயர் என்றால் பெரும்பாலும் மென்பொருள் பக்கம். இன்றைக்கு ‘பேஜ் ஃபால்ட் இன் நான்பேஜ்டு ஏரியா’, நாளைக்கு ‘மெமரி மேனேஜ்மென்ட்’, அதற்கடுத்து ‘ஐஆர்க்யூஎல் நாட் லெஸ் ஆர் ஈக்வல்’ என்று ஒவ்வொரு முறையும் வேறு கோடு, வேறு ஃபைல் என்றால் பெரும்பாலும் ராம் அல்லது பவர். டிரைவருக்கு அவ்வளவு கற்பனை வளம் கிடையாது. பட்டியலில் என்டிஓஎஸ்கர்னல் என்ற பெயரைப் பார்த்து "கர்னலே கெட்டுப்போச்சு" என்று முடிவுக்கு வராதீர்கள், அது கர்னலின் சொந்த ஃபைல், யார் தப்பு செய்தாலும் கடைசியாக நின்ற இடம் என்று அதன் பெயர்தான் விழும்.

‘வியா அன்கரெக்டபிள் எரர்’, அதாவது 124 என்ற எண், வந்தால் ஹார்டுவேரே நேராகப் புகார் கொடுத்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்: பிராசசர், வோல்டேஜ், சூடு, சில நேரம் பிசிஐ ஸ்லாட்டில் செருகிய கார்டு.

திரையே வராமல் பொசுக்கென்று அணைந்து எழுந்திருக்கிறதா? விண்டோஸ் நடந்ததையெல்லாம் குறித்துவைக்கும் ஈவென்ட் வியூவரில் சிஸ்டம் பகுதியில் கர்னல்-பவர் 41 என்று ஒரு பதிவு இருக்கும். அதைக் கூகுளில் தேடினால் நூறு பேர் நூறு மருந்து சொல்வார்கள். உண்மையில் அது ‘போனமுறை ஒழுங்காக அணைக்கவில்லை’ என்ற தகவல் மட்டுமே. அதன் விவரத்தில் பக்செக்கோடு, அதாவது கிராஷின் எரர் கோடு, 0 என்றிருந்தால் கர்னலுக்குப் புலம்பக்கூட நேரம் கிடைக்கவில்லை என்று அர்த்தம். பெரும்பாலும் கரண்ட், இல்லையென்றால் மெஷின் உறைந்து நின்று நீங்களே பட்டனை அமுக்கியது.

கரண்ட்தான் முதல் சந்தேகம்

இங்கே நான் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் நம் மாவட்டத்தில் பாதிக் கிராஷுக்கு விண்டோஸைத் திட்டுவது அநியாயம் என்பது என் எண்ணம். தென்மேற்குப் பருவமழையும் நமக்கு, வடகிழக்கும் நமக்கு, இடையில் சாயங்கால இடிமழை வேறு. தென்னை மட்டை லைனில் விழுந்து கரண்ட் போய்ப் போய் வரும். குலசேகரம், அருமனைப் பக்கம் ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே இழுத்துக்கொண்டு போன லைனின் கடைசி வீடு உங்களுடையது என்றால் எல்லோரும் மோட்டார் போடும் நேரத்தில் வோல்டேஜ் எவ்வளவு என்று மல்டிமீட்டரில் பாருங்கள். 230 இருக்க வேண்டிய இடத்தில் 170, 180 காட்டினால், அந்த நேரத்தில்தான் கிராஷும் வருகிறதென்றால், இதற்கு மேல் மினிடம்ப் படிக்க வேண்டியதே இல்லை.

அடுத்தது இன்வெர்ட்டர். நிறைய வீட்டு இன்வெர்ட்டர்களில் யுபிஎஸ் மோடு என்றும் ஈக்கோ அல்லது நார்மல் மோடு என்றும் ஒரு சுவிட்ச் உண்டு, பலருக்கு அது இருப்பதே தெரியாது. கரண்ட் போன பிறகு ஒரு டெஸ்க்டாப் எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டருக்குக் கரண்ட் கொடுக்கும் பவர் சப்ளை பெட்டி) தன்னிடம் இருக்கும் சார்ஜில் ஏறக்குறைய 16, 17 மில்லிசெகண்ட்தான் தாக்குப்பிடிக்கும்படி செய்யப்பட்டிருக்கிறது, பழசானால் அதுவும் குறையும். ஈக்கோ மோடில் இன்வெர்ட்டர் பேட்டரிக்கு மாற அதைவிட நேரம் எடுத்துக்கொள்ளலாம், குறைந்த வோல்டேஜையும் அப்படியே உள்ளே விட்டுவிடும். ஃபேனும் லைட்டும் கண்டுகொள்ளாது, கம்ப்யூட்டர் விழுந்துவிடும். சுவிட்சை யுபிஎஸ் பக்கம் தள்ளிவிட்டு ஒரு வாரம் பாருங்கள், செலவில்லாத வைத்தியம்.

அப்புறம் எர்த். கேபினட்டைத் தொட்டால் சுரீர் என்று இழுக்கிறதா? ப்ளக்கின் மூன்றாவது கால் எங்கேயும் போய்ச் சேரவில்லை என்று பொருள். கோடையில் செம்மண் காய்ந்து கிடக்கும்போது எர்த் குழியும் காய்ந்துவிடும், பங்குனி சித்திரையில் அதில் தண்ணீர் ஊற்றும் பழக்கம் முன்பு வீடுகளில் இருந்தது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சோதிக்கச் சொல்லுங்கள், இதை நீங்களே நோண்டாதீர்கள்.

எஸ்எம்பிஎஸ் நல்லதா என்று அறிய மல்டிமீட்டரை டிசி 20இல் வைத்து, கம்ப்யூட்டர் ஓடும்போது, காலியாகத் தொங்கும் நாலு பின் கனெக்டரில் கறுப்புக்கும் மஞ்சளுக்கும் இடையே அளக்கலாம்: 11.4 முதல் 12.6 வரை இருக்க வேண்டும். கறுப்புக்கும் சிவப்புக்கும் 4.75 முதல் 5.25. சும்மா இருக்கும்போது எல்லா எஸ்எம்பிஎஸும் நல்ல பிள்ளைதான், வீடியோ ரெண்டர் போட்டோ கேம் ஓட்டியோ பாரத்தை ஏற்றிவிட்டு அளந்தால்தான் உண்மை தெரியும். மீட்டர் சரி என்று சொன்னாலும் சந்தேகம் இருந்தால், நன்றாக ஓடும் வேறு எஸ்எம்பிஎஸை மாட்டிப் பார்ப்பதே உறுதியான சோதனை. எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் திறக்காதீர்கள். ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெப்பாசிட்டரில் ஆளைத் தூக்கி எறியும் அளவுக்குச் சார்ஜ் நிற்கும். மதர்போர்டில் பிராசசரைச் சுற்றி நிற்கும் கெப்பாசிட்டர்களின் தலை உப்பியிருந்தால், கசிந்திருந்தால், அது வேலையை முடித்துக்கொண்டது.

ராமும் உப்புக் காற்றும்

குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் மாதிரி அலைச் சத்தம் கேட்கும் தூரத்தில் இருக்கும் கம்ப்யூட்டரைத் திறந்தால் ஸ்க்ரூவில் துரு, காப்பர் தெரியும் இடங்களில் பச்சைக் களிம்பு. உப்பும் ஈரமும் சேர்ந்து ராமின் காண்டாக்டில் ஒரு படலம் போட்டுவிடும், அதன் பிறகு சிக்னல் சில நேரம் போகும், சில நேரம் போகாது. ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் உப்பு குறைவு, ஆனால் காற்றாலையைச் சுற்றும் அதே காற்று ஜூன் முதல் செப்டம்பர் வரை மண்ணை அள்ளி, பிராசசரின் சூட்டை இறக்கும் ஹீட்சிங்கில் அடைத்துவிடும், அங்கே கிராஷ் சூட்டினால் வரும். பல்லி முட்டையும் எறும்புக் கூடும் மாவட்டம் முழுக்கப் பொது.

செய்ய வேண்டியது: ப்ளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனைச் சில விநாடி அமுக்கி மிச்சச் சார்ஜைத் தீர்த்துவிட்டு, கேபினட்டின் இரும்பைத் தொட்டபின் ராமை எடுங்கள். தங்க நிறக் காண்டாக்டை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் நனைத்த பஞ்சில்லாத துணியால் துடைத்து, காய்ந்த பிறகு போடுங்கள். அழிரப்பரால் தேய்ப்பது நம் ஊர்க் கடைகளில் சகஜம், வேலையும் செய்யும், ஆனால் அந்தத் தங்கப் பூச்சு மிக மெல்லியது, அடிக்கடி தேய்த்தால் உரிந்து களிம்பு இன்னும் சீக்கிரம் ஏறும். ஸ்லாட்டை வாயால் ஊதாதீர்கள், எச்சிலும் ஈரம்தான்.

அப்படியும் நிற்கவில்லையென்றால் ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86ஐ ஒரு பென்டிரைவில் ஏற்றி அதிலிருந்து பூட் செய்து, ராத்திரி முழுக்க ஓட விடுங்கள். விண்டோஸோடு வரும் மெமரி டயக்னாஸ்டிக் பரவாயில்லை, ஆனால் அது விட்டுவிடும் பிழைகளை மெம்டெஸ்ட் பிடிக்கும். இதில் ‘ஒரே ஒரு எரர்தானே’ என்ற சமாதானம் செல்லாது, ஒன்று வந்தாலும் தோல்விதான். வந்தால் பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே ஓடும் மதர்போர்டின் செட்டிங் திரை) எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ, அதாவது ராமைக் கூடுதல் வேகத்தில் ஓட்டும் செட்டிங், ஆன் ஆகியிருக்கிறதா பாருங்கள், ஆஃப் செய்து மறுபடி ஓட்டுங்கள், ராம் நல்லதாக இருந்து வேகம்தான் தாங்கவில்லை என்பதும் உண்டு. பிறகு ஒரு ராமை மட்டும் வைத்து, அதையே வேறு ஸ்லாட்டில் வைத்து என்று மாற்றி மாற்றிப் பார்த்தால் கெட்டது ராமா ஸ்லாட்டா என்று பிரிந்துவிடும். பொறுமை வேண்டிய வேலை. வேறு குறுக்குவழி எனக்குத் தெரிந்து இல்லை.

டிஸ்க், பயாஸ் பேட்டரி

‘கர்னல் டேட்டா இன்பேஜ் எரர்’ என்று வந்தால் கர்னல் டிஸ்கிலிருந்து தன் பக்கத்தைப் படிக்கப் போய்க் கிடைக்காமல் திரும்பியிருக்கிறது. வேறெதையும் தொடும் முன் டேட்டாவைக் காப்பி எடுங்கள். அப்புறம் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற டூலில் ஸ்மார்ட் விவரத்தை (டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைப்பது) பாருங்கள். சாட்டா டிஸ்கில் 5, 197 எண் கொண்ட வரிகளின் மதிப்பு கூடிக்கொண்டே போனால் டிஸ்க் போய்க்கொண்டிருக்கிறது. 199 மட்டும் கூடினால் பெரும்பாலும் டிஸ்க் நல்லது, கேபிள்தான் கெட்டது, சில நூறு ரூபாய்கூட ஆகாது.

‘இன்அக்சஸிபிள் பூட் டிவைஸ்’ என்றால் டிஸ்க் செத்தது என்று உடனே நம்ப வேண்டாம். பழைய மதர்போர்டில் சிஆர்2032 என்ற 3 வோல்ட் காசு பேட்டரி தீர்ந்துபோனால், கரண்ட் போகும்போதெல்லாம் பயாஸ் செட்டிங் பழையபடி திரும்பிவிடும், டிஸ்க் கன்ட்ரோலர் மோடு ரெய்டிலிருந்து ஏஹெச்சிஐக்கோ மறுபக்கமோ மாறியிருக்கும். விண்டோஸ் இன்ஸ்டால் செய்தபோது இருந்த மோடுக்குத் திருப்பினால் ஒன்றும் நடக்காதது போல எழுந்திருக்கும். கடிகாரம் தப்பான வருஷம் காட்டினால் இதுதான் காரணம் என்று பாதி உறுதி. ஒரு எச்சரிக்கை: பயாஸில் கை வைக்கும் முன் பிட்லாக்கர் (டிஸ்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதி) ரிகவரி கீ கையில் இருக்கிறதா பாருங்கள். புது லேப்டாப்கள் பலவற்றில் நீங்கள் கேட்காமலே டிஸ்க் பூட்டப்பட்டிருக்கும், கீ உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும், அந்தக் கணக்கை உருவாக்கியது கடைப் பையன் என்றால் உங்கள் பாடு திண்டாட்டம்.

டிரைவர்

ஒரே கோடு, ஒரே பெயர் என்ற பக்கம் வந்தால், சமீபத்தில் என்ன மாறியது என்பதுதான் கேள்வி. புது பிரிண்டரா, கிராஃபிக்ஸ் டிரைவரா, ஆன்டிவைரஸா? ஷிஃப்டை அழுத்திக்கொண்டு ரீஸ்டார்ட் கொடுத்து, அத்தியாவசிய டிரைவர்கள் மட்டும் ஓடும் சேஃப் மோடுக்குள் போங்கள். அங்கே கிராஷ் ஆகவில்லையென்றால் சந்தேகம் டிரைவர் மேல் உறுதியாகும். ‘வீடியோ டிடிஆர் ஃபெயிலியர்’ என்றால் கிராஃபிக்ஸ் டிரைவரை டிடியூ என்ற டூலால் சேஃப் மோடில் முழுதாக வழித்தெடுத்து, கம்பெனி தளத்திலிருந்து புதிதாக ஏற்றுங்கள். ‘டிரைவர் அப்டேட்டர்’ என்று விளம்பரம் செய்யும் சாஃப்ட்வேர்களை வீட்டுக்குள் விடாதீர்கள்.

ஹார்டுவேரில் ஒரு குறையும் இல்லாமல் மென்பொருள் மட்டுமே கர்னலைக் கவிழ்க்கும் என்பதற்கு 2024 ஜூலை 19 போதும். கிரவுட்ஸ்ட்ரைக் பாதுகாப்பு மென்பொருளின் ஒரு தப்பான அப்டேட்டைக் கர்னலுக்குள் ஓடும் அதன் டிரைவர் படிக்கப்போய் உலகம் முழுக்க சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் விழுந்தன என்று மைக்ரோசாஃப்ட் கணக்குச் சொன்னது. சேஃப் மோடில் போய் அந்த ஒரு ஃபைலை அழித்ததும் எழுந்தன. அன்றைக்கு ஃபார்மட் போட்டவர்களை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

லினக்ஸில்

இங்கே ஊப்ஸ் வேறு, பேனிக் வேறு. ஊப்ஸில் கர்னல் அடிபட்டும் நொண்டிக்கொண்டு ஓடும், பேனிக்கில் நின்றேவிடும். பேனிக் செய்தியில் ‘டெய்ன்டட்’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் வரும் எழுத்துகளைக் கவனியுங்கள். எம் என்றால் பிராசசர் மெஷின் செக் பிழை கொடுத்திருக்கிறது, ஹார்டுவேர் பக்கம் போங்கள். பி என்றால் என்விடியா மாதிரி மூடிய டிரைவர் உள்ளே இருக்கிறது, அது குற்றமில்லை, தகவல் மட்டும்.

அதிகம் பார்க்கும் பேனிக், ரூட் ஃபைல்சிஸ்டத்தை, அதாவது லினக்ஸ் இருக்கும் டிஸ்க் பகுதியை, மவுன்ட் செய்ய முடியவில்லை என்பது. கடைசியில் ‘அன்நோன் பிளாக்’ என்று போட்டு அடைப்புக்குள் இரண்டு எண் வரும். 0,0 என்றால் கர்னலுக்கு டிஸ்க் கண்ணிலேயே படவில்லை, பெரும்பாலும் அப்டேட்டின்போது பூட் பார்ட்டிஷன் நிறைந்துபோய் இனிட்ராம்எஃப்எஸ் (பூட்டின் தொடக்கத்தில் கர்னலுக்கு டிஸ்க் டிரைவர்களைக் கொடுக்கும் ஃபைல்) பாதியில் நின்றது. பழைய கர்னலை, பூட் ஆகும்போது வரும் கிரப் மெனுவின் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸில் தேர்ந்தெடுத்து உள்ளே போய், வேண்டாத பழைய கர்னல்களை நீக்கி, இனிட்ராம்எஃப்எஸை மறுபடி உருவாக்கினால் முடிந்தது. முதல் எண் 8 என்றால் சாட்டா அல்லது யுஎஸ்பி டிஸ்க், 179 என்றால் எஸ்டி கார்டு. அப்போது டிஸ்க் தெரிகிறது, உள்ளே இருப்பதைத்தான் படிக்க முடியவில்லை.

எழுந்த பிறகு பார்ப்பதற்கு ஜர்னல்சிடிஎல் கட்டளையோடு கே என்ற ஆப்ஷனும் பி -1 என்ற ஆப்ஷனும் சேர்த்தால் போன பூட்டின் கர்னல் பதிவு மட்டும் வரும். பேனிக்கின் கடைசி வரிகள் டிஸ்குக்கு வந்து சேராமல் போவது வழக்கம். அவை பிஸ்டோர் என்ற கர்னல் வசதி வழியாக மதர்போர்டின் சொந்த நினைவில் தங்கியிருக்கலாம், அடுத்த பூட்டில் சிஸ்டம்டி அவற்றை எடுத்துத் தனி ஃபோல்டரில் வைக்கும். 6.12 கர்னலிலிருந்து பேனிக் திரையிலேயே க்யூஆர் கோடு காட்டும் வசதி வந்துவிட்டது, உங்கள் டிஸ்ட்ரோ (உபுண்டு மாதிரி லினக்ஸ் வகை) அதை ஆன் செய்திருந்தால் ஃபோனில் ஸ்கேன் செய்தால் போதும்.

மெஷினுக்கு மெஷின்

முதல் தலைமுறை ரைசன் வைத்திருப்பவர்களுக்கு: வேலை செய்யும்போது நன்றாக ஓடி, சும்மா விட்டால் உறைந்துபோகிறது என்றால், முக்கியமாக லினக்ஸில், பயாஸில் பவர் சப்ளை ஐடில் கன்ட்ரோல் என்பதை டிபிகல் கரண்ட் ஐடில் என்று மாற்றுங்கள். பிராசசர் தூங்கும்போது எடுக்கும் மிகக் குறைந்த கரண்ட்டைப் பழைய எஸ்எம்பிஎஸ்கள் சமாளிப்பதில்லை.

இன்டெல் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசசர், குறிப்பாக ஐ7, ஐ9 என்றால், கேம் திறந்ததும் ‘வீடியோ மெமரி போதவில்லை’ என்றோ டிரைவர் இன்ஸ்டால் ஆகாமல் பாதியில் நின்றோ தொல்லை கொடுத்தால் கிராஃபிக்ஸ் கார்டை மாற்ற ஓடாதீர்கள். அந்தப் பிராசசர்கள் அளவுக்கு மீறிய வோல்டேஜைக் கேட்டு வாங்கித் தங்களையே கெடுத்துக்கொண்டதை இன்டெல் ஒப்புக்கொண்டு 2024 ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் மைக்ரோகோடு (பிராசசருக்குள் ஓடும் சின்ன மென்பொருள்) திருத்தம் கொடுத்தது, வாரண்டியையும் இரண்டு வருஷம் நீட்டியது. பயாஸ் அப்டேட் இனி கெடாமல் காக்கும், கெட்டதைச் சரியாக்காது. கெட்டிருந்தால் வாரண்டியில் மாற்றிக் கேளுங்கள். கல்யாண வீடியோ எடிட் செய்யும் ஸ்டுடியோக்காரர்கள் இதைக் கட்டாயம் பார்த்துவைப்பது நல்லது.

கோர் 2 டுவோ காலத்து மெஷின்: விண்டோஸ் 11 24எச்2ஐக் குறுக்குவழியில் ஏற்றினாலும் பூட் ஆகாது, அந்தப் பிராசசரில் பாப்கவுன்ட் என்ற கட்டளை கிடையாது. ரெட் ஹாட் 9 வகை லினக்ஸும் இதேபோல் பேனிக் ஆகி நிற்கும். இது பழுது இல்லை, வயசு. லேசான வேறு லினக்ஸ் போடுங்கள்.

மேக்கில் பேனிக் அறிக்கை எழுந்ததும் தானாகவே காட்டும். மற்ற யுஎஸ்பி சாமான்களை எல்லாம் கழற்றிவிட்டுப் பாருங்கள், மலிவு ஹப் பல நேரம் குற்றவாளி. இன்டெல் மேக் என்றால் டி கீயை அமுக்கிக்கொண்டு ஆன் செய்தால் ஆப்பிள் டயக்னாஸ்டிக்ஸ் வரும். எம் சிப் மேக்கில் பவர் பட்டனைப் பிடித்துக்கொண்டிருந்து ஆப்ஷன்ஸ் வந்ததும் கமாண்ட், டி. ராம் சிப்போடு சேர்ந்தது, எம் சிப்பில் மெமரி கெட்டால் போர்டுதான்.

ராஸ்பெரி பை வைத்து காலேஜ் பிராஜெக்ட் செய்யும் பிள்ளைகளுக்கு ஒன்று மட்டும்: திரை மூலையில் மஞ்சள் மின்னல் அடையாளம் வந்தால் வோல்டேஜ் 4.63க்குக் கீழே போய்விட்டது. ஃபோன் சார்ஜரைத் தூக்கிப் போட்டுவிட்டு, பை 4க்கு 5 வோல்ட் 3 ஆம்பியர், பை 5க்கு 5 ஆம்பியர் அடாப்டரை வாங்குங்கள். பேனிக்கில் 179 வந்தால் எஸ்டி கார்டை மாற்றுங்கள்.

இவ்வளவும் பார்த்தும் பிடிபடவில்லையென்றால் கடைக்குக் கொண்டுபோகலாம். மினிடம்ப் ஃபைல்களையும் திரைப் போட்டோக்களையும் ஒரு பென்டிரைவில் போட்டுக் கொடுங்கள், எந்த நேரத்தில், எதைச் செய்யும்போது வருகிறது என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள், பாகம் ஏதாவது மாற்றினால் பழையதைத் திருப்பித் தரச் சொல்லுங்கள். டேட்டாவைக் கேட்காமல் அழிக்கக்கூடாது என்பதைப் பில்லில் எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள்.